பத்து வாரத்துக்கு ஒரு அறை: பணத்தை இன்னும் அனுப்பாதீர்கள்

வாசகர் கேள்வி: நான் கல்லூரி மாணவி, மூன்றாம் ஆண்டு முடிக்கிறேன். ஜூன் முதல் வாரத்திலிருந்து பத்து வாரம் வேறொரு நகரத்தில் இன்டர்ன்ஷிப். அங்கே எனக்கு யாரையும் தெரியாது, கிளம்ப இன்னும் ஆறு வாரம்தான் இருக்கிறது. இணையத்தில் ஒரு அறை பார்த்தேன். அலுவலகத்துக்கு நடந்தே போகலாம், அக்கம்பக்கத்து அறைகளோடு பார்த்தால் வாடகை பாதிதான். உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறாராம், இரண்டு மாத வாடகையை அட்வான்ஸாக அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்புவாராம், நாளைக்குள் பதில் வேண்டுமாம். அனுப்பலாமா? தங்க இடம் உறுதியாகாமல் கிளம்பக் கூடாது என்று அம்மா பிடிவாதமாக இருக்கிறார். ஒரு சின்னத் தனி வீடும் பார்த்தேன், காலி வீடு, மூன்று மாத ஒப்பந்தம். அதை எடுத்தால் கிடைக்கிற உதவித்தொகையில் முக்கால்வாசி வாடகைக்கே போய்விடும்.

பதில்:

அந்த அறையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், நாளைக்குள் முடிவு கேட்டிருக்கிறார்கள் இல்லையா. பணம் அனுப்பாதீர்கள். சல்லிக்காசு கூட வேண்டாம்.

பாதி வாடகை, வெளிநாட்டில் உரிமையாளர், கூரியரில் சாவி, நாளைக்குள் முடிவு. இந்த நான்கில் ஏதாவது ஒன்று மட்டும் இருந்தால் விசாரித்துப் பார்க்கலாம் என்று சொல்லியிருப்பேன். நான்கும் சேர்ந்து வந்தால் விசாரிக்க எதுவும் மிச்சமில்லை. வெளிநாட்டில் இருந்துகொண்டு வீட்டை வாடகைக்கு விடுபவர்கள் நிறைய பேர் உண்டு, ஆனால் அவர்களுக்கு அந்த ஊரில் சாவி வைத்திருக்கும் ஒரு சொந்தக்காரரோ பக்கத்து வீட்டுக்காரரோ ஏஜென்டோ இருப்பார். குழாய் உடைந்தால் யாராவது போய்ப் பார்க்க வேண்டுமே. வீட்டைத் திறந்து காட்ட ஊரில் ஒருவர்கூட இல்லை என்றால், பெரும்பாலும் அந்த வீடே அவருடையது இல்லை.

நான் பதினான்கு வருடமாக ஒரு பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்குத் தங்குமிடம் ஏற்பாடு செய்யும் வேலையில் இருக்கிறேன். கோடை தொடங்குவதற்கு முன்னால் இந்தக் கதையை ஒவ்வொரு வருடமும் கேட்கிறேன். ஒரு பையன் பெட்டியோடு நேராக அந்த முகவரிக்குப் போய் மணி அடித்திருக்கிறான். கதவைத் திறந்த குடும்பம் அந்த வீட்டில் ஒன்பது வருடமாக இருக்கிறது. அவன் பார்த்த படங்கள் அந்த வீடு முன்பு விற்பனைக்கு வந்தபோது போட்ட விளம்பரத்திலிருந்து எடுத்தவை. அவர்கள் நல்லவர்கள், உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்கள், ஆனால் அன்றிரவு அவன் ரயில் நிலையத்தில்தான் படுத்தான். அனுப்பிய பணம் திரும்ப வரவில்லை. என்னிடம் வந்து அதைச் சொல்லும்போது கூட ஏமாற்றியவன் மேல் கோபப்படாமல் தன்னைத்தான் திட்டிக்கொண்டிருந்தான். தப்பு அவன் மேல் இல்லை. அவசரத்தில் இருப்பவர்களைக் குறிவைத்தே இது செய்யப்படுகிறது, அவசரத்தில் இருக்கும்போது யாருக்கும் இது நடக்கலாம்.

உங்களுக்கு நீங்களே உறுதிசெய்துகொள்ள வேண்டும் என்றால் அந்தப் படங்களை கூகுள் லென்ஸ், டின்ஐ (TinEye) போன்ற, படத்தை வைத்துத் தேடும் கருவிகளில் போட்டுத் தேடுங்கள், அதே படம் வேறு ஊர் பெயரோடும் வேறு வாடகையோடும் வருகிறதா என்று தெரிந்துவிடும். விளம்பரத்தின் இரண்டு வரியை அப்படியே எடுத்து மேற்கோள்குறிக்குள் போட்டும் தேடலாம். எதுவும் வரவில்லை என்பதால் மட்டும் அது உண்மை ஆகிவிடாது. அப்புறம் அவருக்கு ஒரே ஒரு வரி எழுதுங்கள்: "என் நண்பர் நாளை மாலை நேரில் வந்து பார்ப்பார், அவர் பார்த்ததும் பணம் அனுப்புகிறேன்." உண்மையான ஆளாக இருந்தால் யாரிடம் சாவி வாங்க வேண்டும் என்று சொல்வார். இல்லையென்றால் கோபப்படுவார், அல்லது இன்னொருவர் பணம் கட்டத் தயாராக இருப்பதாகச் சொல்வார். அப்படி வந்தால் மேற்கொண்டு பதில் எழுத வேண்டாம், அந்த விளம்பரத்தைப் போட்ட தளத்தில் புகார் மட்டும் கொடுத்துவிடுங்கள், அடுத்தவராவது தப்பிப்பார்.

சரி, இனி எங்கே தேடுவது.

நீங்கள் வீடு தேடுகிறீர்கள், சிக்கல் அங்கேதான். வாடகைக்கு விடும் உரிமையாளருக்கு வேண்டியது ஒரு வருடம், பதினொரு மாதம் என்று இருக்கப்போகும் ஆள். பத்து வாரம் இருந்துவிட்டுப் போகிறவர் அவருக்குத் தொந்தரவு, அந்தத் தொந்தரவுக்குச் சேர்த்துத்தான் வாடகை சொல்வார். உங்களுக்கு வேண்டியது, அதே பத்து வாரம் தன் அறை சும்மா கிடக்கப்போகிறதே என்று கவலைப்படும் ஒருவர். பல நாடுகளில் மே, ஜூனில் வகுப்பு முடிந்தால் ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோதான் மறுபடி தொடங்கும். வெளியில் அறை எடுத்துத் தங்கும் மாணவர்களில் பலர் வருடம் முழுவதற்கும் ஒப்பந்தம் போட்டிருப்பார்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போனாலும் வாடகை ஓடிக்கொண்டே இருக்கும். அப்படி ஒருவருக்கு உங்கள் பணம் லாபம் இல்லை, நஷ்டத்தில் குறைவு. முழு வாடகை கிடைத்தால் சந்தோஷம், முக்கால்வாசி கிடைத்தாலும் ஒன்றுமே இல்லாததற்குப் பரவாயில்லை. பேரம் பேச இடம் இருப்பது இங்கேதான். அதோடு கட்டில், மேஜை, இணைய இணைப்பு, அடுப்பு எல்லாம் ஏற்கனவே அங்கே இருக்கும், பத்து வாரத்துக்காக நீங்கள் மெத்தை வாங்க வேண்டியதில்லை.

இதைத்தான் உள்வாடகை, சப்லெட் என்கிறோம். அந்த நகரத்தில் இருக்கும் கல்லூரிகளின் மாணவர் குழுக்களில், அறிவிப்புப் பலகைகளில், முன்னாள் மாணவர் குழுக்களில் தேடுங்கள். "அறை கிடைக்குமா" என்று பொதுவாகக் கேட்டால் யாரும் பதில் போட மாட்டார்கள். இப்படி எழுதிப் பாருங்கள்: "நான் இன்ன கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஜூன் இந்தத் தேதியிலிருந்து ஆகஸ்ட் இந்தத் தேதி வரை, மொத்தம் 70 நாள், இன்ன பகுதியில் இன்டர்ன்ஷிப். கட்டில், மேஜையோடு ஒரு தனி அறை தேடுகிறேன், வீட்டை மற்றவர்களோடு பகிர்ந்துகொள்வதில் பிரச்சினை இல்லை. வாடகைக்கு அதிகபட்சம் இவ்வளவு. வேலைக்கான கடிதம் இருக்கிறது, என் பேராசிரியரிடம் விசாரித்துக்கொள்ளலாம்." தன் கட்டிலையும் பொருட்களையும் ஒரு அந்நியரிடம் விட்டுப்போகும் ஆளுக்கும் பயம் இருக்கும், தேதியும் கடிதமும் சொல்லி எழுதினால் அந்தப் பயம் பாதி போய்விடும்.

உள்வாடகையில் ஒரு ஆபத்து உண்டு, அதைத் தெரிந்துகொண்டே இறங்குங்கள். நீங்கள் பணம் கொடுப்பது மாணவரிடம், வீடு உரிமையாளருடையது. அந்த மாணவருக்கு உள்வாடகைக்கு விட அனுமதி இல்லையென்றால் நடுவில் வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள். அவர் உங்களிடம் வாங்கிய பணத்தை மேலே கட்டாமல் விட்டாலும் அதே கதிதான். ஆகவே உரிமையாளர் சம்மதம் எழுத்தில் வேண்டும், ஒரு மின்னஞ்சல் போதும். முடிந்தால் வாடகையை நேரடியாக உரிமையாளருக்கே கட்டிவிடுகிறேன் என்று கேளுங்கள், நிறைய பேர் ஒத்துக்கொள்வார்கள். மாணவருடைய அசல் ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தையும் அடையாள அட்டையையும் காட்டச் சொல்லி, இரண்டிலும் பெயர் ஒன்றுதானா என்று பாருங்கள். அவர் உங்கள் அடையாள அட்டை நகல் கேட்டால் அதன் மேல் குறுக்காக "இந்த அறை வாடகைக்கு மட்டும்" என்று தேதியோடு எழுதி அனுப்புங்கள். வெறும் நகலை யாருக்கும் அனுப்ப வேண்டாம்.

இதே அளவுக்கு நல்ல வழி இன்னொன்று, நிறைய பேருக்குத் தெரிவதே இல்லை. கோடையில் காலியாகும் பல்கலைக்கழக விடுதிகளைப் பல இடங்களில் வெளி மாணவர்களுக்கும் இன்டர்ன்களுக்கும் வாடகைக்குத் தருகிறார்கள். விடுதி அலுவலகத்துக்கே நேரடியாக போன் செய்யுங்கள், இணையப் பக்கத்தில் 'முடிந்துவிட்டது' என்று போட்டிருந்தாலும் செய்யுங்கள், ஏனென்றால் இடம் பிடித்துவிட்டு வராமல் போகிறவர்கள் உண்டு, காத்திருப்போர் பட்டியலில் பெயர் கொடுத்து வாரம் ஒருமுறை கேட்பவர்களுக்கு அந்த இடம் கிடைத்ததை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். கேட்க வேண்டியவை: தலையணை, விரிப்பு தருவார்களா, சமையலறை உண்டா, சாப்பாட்டுக்கூடம் கோடையில் திறந்திருக்குமா, புதிய வகுப்பு தொடங்கும் முன் எந்தத் தேதிக்குள் காலி செய்ய வேண்டும். இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். உங்கள் வேலை முடிய நான்கு நாள் இருக்கும்போது விடுதியை மூடிவிட்டால், அந்த நான்கு நாள் ஓட்டலுக்கு ஆகும் செலவில் மிச்சம் பிடித்ததெல்லாம் கரைந்துவிடும்.

அப்புறம் உங்கள் அலுவலகம். வெட்கப்படாமல் கேளுங்கள், போன வருடம் வந்த இன்டர்ன்கள் எங்கே தங்கினார்கள், இந்த வருடம் வருகிற மற்றவர்களின் தொடர்பு கிடைக்குமா, இடம் மாறுவதற்கு ஏதாவது உதவித்தொகை உண்டா என்று. மூன்று கேள்வி, ஒரே மின்னஞ்சல். இரண்டு மூன்று பேர் சேர்ந்தால் இரண்டு அறை வீடு ஒன்றை எடுக்க முடியும், ஆளுக்கு விழும் பங்கு தனி வீட்டு வாடகையில் பாதிக்கும் கீழே கூட வரலாம்.

குறுகிய காலத் தங்குமிட ஆப்களை நான் ஒதுக்கச் சொல்லவில்லை, ஆனால் அவற்றில் தினசரி விலையைப் பார்த்துப் பயந்துவிடவும் வேண்டாம், நம்பிவிடவும் வேண்டாம். ஏர்பிஎன்பி 28 இரவு அல்லது அதற்கு மேல் தங்குவதை நீண்டகாலத் தங்கலாகக் கணக்கிடுகிறது, பல உரிமையாளர்கள் அதற்குத் தனித் தள்ளுபடி வைத்திருப்பார்கள். அதனால் முழுத் தேதியையும் போட்டுத் தேடினால்தான் உண்மையான விலை தெரியும். சுத்தம் செய்யும் கட்டணம், சேவைக் கட்டணம் எல்லாம் சேர்த்துக் கடைசியில் வரும் மொத்தத்தைப் பாருங்கள். 28 இரவுக்கு மேல் போனால் ரத்து செய்யும் விதிகளும் மாறும், கடுமையாக இருக்கும், பணம் கட்டும் முன் அதைப் படியுங்கள். ஆப்புக்கு வெளியே பணம் கொடு, விலை குறைக்கிறேன் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தையே விட்டுவிடுங்கள்.

விலையை ஒப்பிடும்போது மாத வாடகையை வைத்து ஒப்பிடாதீர்கள். ஒருவர் வாரக் கணக்கில் சொல்வார், ஒருவர் மாதக் கணக்கில். வார வாடகையை நான்கால் பெருக்கினால் மாத வாடகை வராது, ஒரு மாதம் என்பது சராசரியாக 4.35 வாரம். எல்லாவற்றையும் உங்கள் 70 நாளுக்கு மொத்தம் எவ்வளவு என்று மாற்றி எழுதுங்கள். அந்த மூன்று மாத ஒப்பந்தம் போட்ட தனி வீட்டையே எடுத்துக்கொள்வோம். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மொத்தம் 92 நாள். 70 நாள் தங்க 92 நாளுக்குப் பணம் கட்டினால், நீங்கள் பார்க்கும் வாடகையைவிட உண்மையில் 31 சதவீதம் அதிகம் கொடுக்கிறீர்கள். அதற்கு மேல் காலி வீட்டுக்குக் கட்டில், மின்விசிறி, பாத்திரம் வாங்கவேண்டும், கிளம்பும்போது அவற்றைப் பாதி விலைக்குக்கூட விற்க முடியாது. அதனால் அந்தத் தனி வீடு வேண்டாம் என்றே சொல்வேன்.

தூரத்துக்கும் ஒரு விலை போடுங்கள். போக 45 நிமிடம், வர 45 நிமிடம் என்றால் வாரம் ஐந்து நாள் வேலைக்கு, பத்து வாரத்தில் 75 மணி நேரம் பயணத்தில் போகும். வாடகை நன்றாகக் குறைகிறது, ஒரே ரயில் அல்லது ஒரே பேருந்து, உட்கார்ந்து போக முடியும் என்றால் நான் அதை எடுத்துக்கொள்வேன். இரண்டு இடத்தில் மாற வேண்டும், கடைசி வண்டி சீக்கிரம் போய்விடும் என்றால் வேண்டாம். முக்கியமாக, இறங்கிய இடத்திலிருந்து வீடு வரை நடக்கும் அந்தக் கடைசிப் பத்து நிமிடம், இரவு ஒன்பது மணிக்கு எப்படி இருக்கும் என்று அங்கே தங்கியிருக்கும் பெண் ஒருவரிடம் கேளுங்கள். வரைபடத்தில் அது தெரியாது.

இனி, நேரில் போக முடியாதபோது அறையை எப்படிப் பார்ப்பது. அனுப்பி வைக்கும் வீடியோ போதாது, நேரலை வீடியோ அழைப்பு வேண்டும். தெருவிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள், வாசல் எண், படிக்கட்டு, கதவைத் திறந்து உள்ளே வருவது, வெட்டாமல் ஒரே ஓட்டமாக. குழாயைத் திறக்கச் சொல்லுங்கள், சன்னலைத் திறந்து வெளியே காட்டச் சொல்லுங்கள், அறைக்கதவின் தாழ்ப்பாளை உள்ளிருந்து போட்டுக் காட்டச் சொல்லுங்கள். கோடையாக இருப்பதால் இதையும் சொல்கிறேன்: மேல்தளமா, எந்தச் சுவரில் பிற்பகல் வெயில் விழுகிறது, காற்றுக்கு என்ன இருக்கிறது என்று கட்டாயம் கேளுங்கள். மொட்டைமாடிக்குக் கீழே மேற்குச் சுவர் உள்ள அறை விலை குறைவாகக் கிடைத்தால் காரணம் அதுதான். பகலெல்லாம் சூடேறிய சுவர் இரவில் அந்தச் சூட்டை உள்ளே விடும், நள்ளிரவு தாண்டியும் தூங்க முடியாது, மறுநாள் வேலைக்குப் போக வேண்டியது நீங்கள். வீட்டில் வேறு யார் யார் இருக்கிறார்கள், விருந்தினர் வந்து தங்குவார்களா என்பதையும் அந்த அழைப்பிலேயே கேட்டுவிடுங்கள். முடிந்தால் மற்ற ரூம்மேட்களோடு ஐந்து நிமிடம் பேசிவிடுங்கள், கூட வாழப்போவது அவர்களோடுதான், அறையைக் கொடுப்பவர் ஊரிலேயே இருக்க மாட்டார்.

ஒப்பந்தம் ஒரு பக்கம் போதும், ஆனால் இருக்க வேண்டும். இரண்டு பேர் பெயர், முகவரி, தொடங்கும் தேதி, முடியும் தேதி, மொத்தத் தொகை, அட்வான்ஸ் எவ்வளவு, எந்தத் தேதிக்குள் திரும்பத் தருவார், மின்சாரம் தண்ணீர் இணையம் இதில் அடக்கமா, ஏதாவது பழுதானால் யாரைக் கூப்பிடுவது, இன்டர்ன்ஷிப் ரத்தானால் எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும். மின்சாரம் அடக்கம் என்றால் ஏதாவது வரம்பு உண்டா என்றும் கேளுங்கள், கோடையில் ஏசி ஓடும் வீட்டில் சண்டை வருவது பெரும்பாலும் இதில்தான். பத்து வாரத்துக்கு ஒரு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்டால் எனக்கு அது நியாயமாகப் படவில்லை, குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். பணம் வங்கி வழியாக, ஒப்பந்தத்தில் இருக்கும் அதே பெயருள்ள கணக்குக்கு மட்டும். பரிசு அட்டை, கிரிப்டோ, யார் பெயரிலோ பண அஞ்சல், இதெல்லாம் கேட்டால் போனதுதான், திரும்ப வாங்கவே முடியாது.

அம்மா சொல்வதற்கு வருகிறேன். தங்க இடம் இல்லாமல் கிளம்பக் கூடாது என்று அவர் சொல்வது சரி. ஆனால் பத்து வாரத்துக்கும் இடம் உறுதியாகி இருக்க வேண்டும் என்று அதற்குப் பொருள் இல்லை, முதல் வாரத்துக்கு உறுதியாக இருந்தால் போதும். அடுத்த நான்கு வாரத்துக்குள் விடுதியோ நம்பிக்கையான உள்வாடகையோ அமைந்துவிட்டால் நல்லது. அமையவில்லையா, பயந்துபோய்க் கண்டதையும் பிடிக்காதீர்கள். ரத்து செய்தால் பணம் திரும்பும்படியாக ஒரு நல்ல பெண்கள் விடுதியிலோ பயணிகள் ஹாஸ்டலிலோ ஏழு இரவுக்குப் பதிவு செய்து வையுங்கள், அறை அமையுமா என்று காத்திருக்காமல் இதை இந்த வாரமே செய்துவிடுங்கள், அம்மாவுக்கு அந்த முகவரியைக் கொடுங்கள். வேலை தொடங்குவதற்கு மூன்று நான்கு நாள் முன்னால் போய்விடுங்கள், அதற்குள் பார்க்க வேண்டிய அறைகளை முன்கூட்டியே பேசி நேரம் வாங்கி வையுங்கள். நேரில் நிற்கிற ஆளுக்குக் கிடைக்கிற அறை வேறு, வாடகையும் வேறு. ஜூன் பிறந்தும் ஆள் கிடைக்காத உள்வாடகைக்காரர்கள் ஒவ்வொரு நாளும் வாடகையைக் குறைப்பார்கள், அந்த நேரத்தில் நீங்கள் ஊரில் இருப்பீர்கள். எல்லாருக்கும் இந்த முறையைச் சொல்ல மாட்டேன், கூட்டம் அலைமோதும் சுற்றுலா நகரங்களில் இது சரிவராது, அங்கே முன்பே பிடித்துவிடுவதுதான் நல்லது. கல்லூரிகள் நிறைய இருக்கும் ஊருக்குப் போகிறீர்கள் என்றால் தைரியமாகச் செய்யலாம்.

அறைக்குள் போன முதல் நாள், பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் மெத்தையைத் தூக்கி அதன் தையல் ஓரங்களைப் பாருங்கள். கறுப்பு கறுப்பாகச் சின்னப் புள்ளிகள் இருந்தால் மூட்டைப்பூச்சியாக இருக்கலாம். துணியெல்லாம் வெளியே எடுத்து வைத்த பிறகு அதைக் கண்டுபிடித்தால் அது உங்களோடு ஊருக்கும் வந்துவிடும். அப்புறம் சுவர், தரை, குளியலறை, மின்மீட்டர் எண் எல்லாவற்றையும் ஒரு வீடியோ எடுத்து அறையைக் கொடுத்தவருக்கு அன்றே அனுப்பிவிடுங்கள். ஆகஸ்டில் அட்வான்ஸைத் திரும்பக் கேட்கும்போது அந்தச் செய்தியின் தேதி உங்களுக்காகப் பேசும். அதே வீடியோவை அம்மாவுக்கும் அனுப்புங்கள். தாழ்ப்பாள் தெரிகிற மாதிரி எடுங்கள், அவர் முதலில் தேடப்போவது அதைத்தான்.